முடிக்காத கேமைப் பிடித்த கேம் என்று சொல்லலாமா? (2024 பட்டியல்)

கேள்வி: வாசகர் ஒருவர், ஜனவரி 3, 2025

2024-ல் வந்த கேம்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: கடைசி வரை முடித்த கேமாக இருக்க வேண்டும். பாதியில் விட்டதையெல்லாம் பட்டியலில் சேர்ப்பது, இடைவேளையில் எழுந்து போனவன் விமர்சனம் எழுதுவது மாதிரி.

ஜனவரி 4, இரவு

ஒன்றே ஒன்று கஷ்டம். நான்காகச் சொல்கிறேன், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் பலாட்ரோ, போக்கர் சீட்டுக்கட்டை வைத்து ஆடுவது. அடுத்து ஆஸ்ட்ரோ பாட், குட்டி ரோபோ பொம்மையை ஓட்டிப் போவது. மூன்றாவது எல்டன் ரிங் என்ற பழைய கேமின் விரிவாக்கமான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ. நான்காவது அனிமல் வெல்.

நிபந்தனையை ஒப்புக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் பெயரிலேயே இடிக்கிறது. பலாட்ரோவை முடிப்பது என்றால் என்ன? எட்டாவது ஆன்ட்டின் (கட்டத்தின்) பாஸை, அதாவது கடைசிப் பெரிய சவாலை, தாண்டினால் வெற்றி என்று திரை சொல்லும். அதன் பிறகும் முடிவில்லாமல் போகலாம். 15 டெக் (சீட்டுக்கட்டு), ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கடினப் படிநிலை, புள்ளிக் கணக்கை மாற்றும் ஜோக்கர் சீட்டு மொத்தம் 150. நான் பிப்ரவரியில் ஆரம்பித்தேன், நேற்றும் விளையாடினேன். முதல் வெற்றி வாங்கியது மார்ச்சில். அந்தக் கணக்கில் முடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனிமல் வெல்லைப் பற்றி மட்டும் நிதானமாக எழுத வேண்டும். இன்றைக்கு இல்லை.

ஜனவரி 5, காலை

"சீட்டுக்கட்டை வைத்து என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு கணக்கு காட்டுகிறேன்.

கையில் இரண்டு ராஜா. ஜோடிக்கு அடிப்படையாக 10 சிப்ஸ் (புள்ளி), 2 மல்ட் (பெருக்கும் எண்). ஒவ்வொரு ராஜாவும் 10 சிப்ஸ் சேர்க்கும். ஆக 30 சிப்ஸ், 2 மல்ட், பெருக்கினால் 60. இப்போது இரண்டு ஜோக்கர் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று மல்ட்டோடு 4 கூட்டும். இன்னொன்று மல்ட்டை மூன்று மடங்காக்கும். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். மூன்று மடங்குக்காரர் இடப்பக்கம் நின்றால் 2 மூன்று மடங்காகி 6, அதோடு 4, ஆக 10. மொத்தம் 300. அவரைத் தூக்கி வலப்பக்கம் வைத்தால் 2-ம் 4-ம் சேர்ந்து 6, அது மூன்று மடங்காகி 18. மொத்தம் 540. சீட்டு அதே சீட்டு, ஜோக்கர் அதே ஜோக்கர். முதல் ஆன்ட்டின் இரண்டாவது பிளைண்டை, அதாவது சுற்றை, தாண்ட 450 வேண்டும். ஒரு வரிசையில் சீட்டை ஒரே தடவை இறக்கியே தாண்டிவிடலாம், இன்னொரு வரிசையில் முடியாது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அக்காதான் சொல்லித் தந்தாள். வீடியோ கேம் பக்கமே வராதவள். செப்டம்பர் கடைசியில் பலாட்ரோ செல்பேசிக்கு வந்ததும் அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கூப்பிட்டாள். "டேய், இங்க வா. இவனை அந்தப் பக்கம் நகர்த்தினா பாயிண்ட் எகிறுது, பார்." கட்டைவிரலால் ஜோக்கரை இழுத்து வலது ஓரத்தில் வைத்துக் காட்டினாள். நான் அதற்குள் ஏழு மாதம் விளையாடியிருந்தேன். வரிசை முக்கியம் என்று பொத்தாம்பொதுவாகத் தெரியும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்குவது என்ற பழக்கம் அவளைப் பார்த்துத்தான் வந்தது. அவள் ஜோக்கர்களை "இவன்", "அவன்" என்றே சொல்கிறாள். "இவன் சோம்பேறி, இவனை வித்துடு."

ஜனவரி 5, பத்து நிமிஷம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. பலாட்ரோவில் க்ரோ மிஷெல் என்று ஒரு வாழைப்பழ ஜோக்கர் உண்டு. மல்ட்டோடு 15 கூட்டும். ஆனால் ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் ஆறில் ஒரு வாய்ப்பு, அழிந்துபோகும். அது அழிந்த பிறகுதான் கேவண்டிஷ் என்ற இன்னொரு வாழைப்பழம் கடையில் தலைகாட்டும். அது மல்ட்டை மூன்று மடங்காக்கும். அழிவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

உலகத்திலும் அதுதான் நடந்தது. உலகச் சந்தையில் விற்ற வாழைப்பழம் 1950-கள் வரை பெரும்பாலும் க்ரோ மிஷெல்தான். பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அந்த நோயைத் தாங்கியதால் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இரண்டு சீட்டில், இரண்டு வரியில், ஒரு பயிரின் வரலாற்றையே அடக்கிவிட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது அன்று முழுக்க க்ரோ மிஷெல்லை விற்கவே மாட்டேன் என்று வைத்திருந்தாள். "பாவம்டா."

ஜனவரி 7

எர்ட்ட்ரீ பற்றி.

ஜூன் 21 அன்று வந்தது. உள்ளே போகவே பழைய கேமில் ராடான், மோக் என்ற இரண்டு பாஸையும் வீழ்த்தியிருக்க வேண்டும். போன பிறகு, நீங்கள் எத்தனை நூறு லெவல் ஏற்றி வைத்திருந்தாலும் அங்கே அது பாதிதான் செல்லும். அந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைப் பொறுக்க வேண்டும். மொத்தம் 50 துண்டு, அதை வைத்து 20 படி ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் அடிக்கும் வலு கூடும், வாங்கும் அடியும் குறையும். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் நேராகப் பாஸிடம் போய் நின்றுவிட்டு, ரொம்பக் கஷ்டம் என்று கத்தினார்கள். ஒரே வாரத்தில் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) விட்டு, ஆரம்பப் படிகளின் பலனைக் கூட்டினார்கள்.

நான் துண்டெல்லாம் பொறுக்கித்தான் போனேன். ஆனாலும் கடைசி பாஸ் ஜூலையில் என்னை விடவில்லை. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னாலும் தங்க ஒளி பாய்ந்து திரையை நிரப்பும். கை எங்கே வருகிறது, வாள் எங்கே வருகிறது என்றே தெரியாது. அறுபது தடவைக்கு மேல் செத்து, விட்டுவிட்டேன். செப்டம்பரில் ஒரு பேட்ச் வந்தது. சில தாக்குதல்களின் வலுவைக் குறைத்து, அந்த ஒளியையும் தணித்திருந்தார்கள். அக்டோபரில் திரும்பிப் போனேன். ஒன்பதாவது தடவையில் விழுந்தான்.

விழுந்ததும் சந்தோஷம் வரவில்லை. ஜூலையில் அவனை வீழ்த்திய நண்பன் எதிர்கொண்ட பாஸ் வேறு, நான் எதிர்கொண்டது வேறு. பெயர் மட்டும் ஒன்று. உங்கள் நிபந்தனைப்படி இதை நான் முடித்துவிட்டேன். ஆனால் மனசுக்குள் அது முடியாமல் இருக்கிறது.

அதனால் எர்ட்ட்ரீயை மூன்றிலிருந்து நான்குக்கு இறக்குகிறேன். அனிமல் வெல் மூன்று.

ஜனவரி 8

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் க்ரௌன் ஏன் இல்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஜனவரி 18, 2024-ல் வந்தது, ஆண்டின் முதல் நல்ல கேம், ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில்தான் வாங்கினேன். குதித்துப் பாய்ந்து முள்ளைத் தாண்டும் இடங்கள் எனக்கு வரவில்லை. சரியாகக் குதிக்கிறேன், ஆனால் ஒரு விரல் அளவு தள்ளிப் போய் விழுகிறது. அந்தத் தாண்டலைத் தவிர்த்துவிட்டு நேராக அடுத்த பக்கம் போக ஒரு உதவி வாசல் உண்டு, கேமின் அமைப்புகளில் அதைப் போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, நிறுத்திவிட்டேன். விரல்களுக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் தூக்கத்தில் தாண்டியிருப்பேன். உண்மையில் அந்த ராத்திரி கொஞ்சம் வருத்தமாகத்தான் படுத்தேன்.

ஜனவரி 11, இரவு 11 மணி

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அக்கா மகன் வந்திருந்தான். ஆறு வயது. அவனுக்கு ஆஸ்ட்ரோ பாட் என்றால் முதல் லெவல் மட்டும்தான். ஸ்கை கார்டன். செப்டம்பர் 6-ல் கேம் வந்ததிலிருந்து அவன் அந்தத் தோட்டத்தைத் தாண்டவே இல்லை. 300 குட்டி ரோபோக்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. தண்ணீரில் குதிப்பான், வெளியே வருவான், மறுபடி குதிப்பான். புல்லில் நடந்துவிட்டு, கல்லில் நடந்துவிட்டு, கன்ட்ரோலரைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பான். காலடிச் சத்தம் கன்ட்ரோலரின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, தரைக்குத் தரை மாறுகிறது, உள்ளங்கையில் அதிர்வும் மாறுகிறது. நான் முழுக் கேமையும் முடித்தவன், சத்தத்தை இப்படித் தனியாக நின்று கேட்டதே இல்லை. அவன் கேட்கச் சொல்லித்தான் கேட்டேன். கல்லில் டக் டக் என்று. புல்லில் ஒரு மெல்லிய உரசல்.

இன்று அவன் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சொன்னான்: "மாமா, பாருங்க, நான் தொடவே இல்ல. பொம்மை தானா நடக்குது."

நடந்தது. மெதுவாக, ஒரே திசையில், விளிம்பு வரைக்கும் நடந்து, கீழே விழுந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிசம்பரில் நான் முள்ளில் விழுந்ததெல்லாம் அதே பக்கம்தான். அந்த ஒரு விரல் அளவு.

ஜனவரி 12

ஜனவரி 8-ல் எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக் தேய்ந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக: பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்குக்கு அடியில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒரு கார்பன் தடத்தின் மேல் சின்ன உலோகக் கை உரசிக்கொண்டே நகரும். அது எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம், அதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று கேமுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் உரசினால் தடம் தேயும், தூசி சேரும். ஸ்டிக் நடுவில் நின்றாலும் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகவே செய்தி போகும். நடுப்பகுதியில் சின்ன அசைவை அலட்சியம் செய்ய டெட் ஸோன் என்று ஒன்று வைத்திருப்பார்கள். சாய்வு அதற்குள் இருக்கும் வரை வெளியே தெரியாது. தாண்டியதும் பொம்மை நடக்கும். காந்தத்தை வைத்து, உரசலே இல்லாமல் அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகள் இப்போது சில கன்ட்ரோலர்களில் வருகின்றன. அதில் இந்தத் தேய்மானம் கிடையாது.

என் கன்ட்ரோலர் நாலு வருஷம் உழைத்தது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மாதம் என்னையே நான் சந்தேகப்பட்டதுதான் வலிக்கிறது. ஒரு கேம் வரவில்லை என்றால் முதலில் கருவியைச் சோதித்துப் பாருங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா திரையைப் பார்த்தாலே போதும்.

இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து லாஸ்ட் க்ரௌனை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நான் விட்ட இடத்தை மூன்றாவது முயற்சியில் தாண்டினேன். உதவி வாசல் இல்லாமல்.

ஜனவரி 15

சேர்ந்துபோன கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பிளாக் மித்: வூகாங். பிடித்தது, முடித்தேன், பட்டியலில் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் தலை இல்லாத துறவி ஒருவர் பாலைவனத்தில் உட்கார்ந்து நரம்புக்கருவியை மீட்டிக்கொண்டே பாடுவார். அந்த இரண்டு நிமிஷத்துக்கு நான் எதையும் கொடுப்பேன். ஆனால் பாதை மாதிரி தெரியும் இடத்தில் நடந்தால் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டும். தாவக்கூடிய பாறைக்கும் தாவ முடியாத பாறைக்கும் வித்தியாசமே தெரியாது. அவ்வளவு அழகாக வரைந்த மலையில் நடக்க விடாதது எனக்குப் பெரிய குறை.

யூஎஃப்ஓ 50. ஐம்பது கேம் ஒரே பெட்டியில். 1980-களில் இருந்ததாகக் கற்பனை செய்த ஒரு நிறுவனம் வெளியிட்டதாகக் கதை. ஐம்பதில் ஒன்பதை முடித்திருக்கிறேன். நிபந்தனைக்காரர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை. மார்டால் மட்டும் ஆடிப் பாருங்கள். 20 உயிர் தருவார்கள். ஒவ்வொரு உயிரும் ஒரு பொருள். ஒருவன் அம்பாகிச் சுவரில் குத்தி நின்றால், அடுத்தவன் அவன் மேல் ஏறிப் போகலாம். ஒருவன் கல்லாகிவிட்டால் அவன்தான் படிக்கட்டு. எந்த இடத்தில் சாக வேண்டும் என்று திட்டமிடுவதுதான் விளையாட்டு. மற்ற கேம்களில் செத்தால் தோல்வி, இங்கே சாகாமல் எந்தக் கதவும் திறக்காது.

லோரெலை அண்ட் தி லேசர் ஐஸ். நோட்டும் பேனாவும் இல்லாமல் உட்காராதீர்கள். ஒரு ஓட்டல், நிறையப் பூட்டு, ரோம எண்கள், 1847, 1963, 2014 என்று மூன்று வருஷம். நடப்பதைத் தவிர மற்ற எல்லாமே ஒரே பட்டன். என் நோட்டில் பதினேழு பக்கம் நிறைந்திருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், மூன்றாம் பக்கத்தில் ஒரு முக்கோணம், பக்கத்தில் "அவள் அல்ல!" என்று என் கையெழுத்தில். என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று நினைவில்லை, ஆனால் எழுதும்போது இருந்த பரபரப்பு அப்படியே திரும்பி வந்தது. இதை முடித்தேன். ஐந்தாவது இடம்.

மெட்டஃபர் தொடவில்லை. அவ்வளவு நீளமான கேமை ஆரம்பிக்க இப்போது நேரமில்லை.

ஜனவரி 15, இரவு

அக்கா கேட்கச் சொன்னாள்: ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பு பலாட்ரோவுக்கு 18 வயது முத்திரை குத்தியதே, ஏன்? (பிறகு, 2025 பிப்ரவரியில், அதை 12 ஆகக் குறைத்துவிட்டார்கள்.) உண்மையான பணத்தைக் கட்டி ஆடும் வசதி அதில் துளியும் இல்லை. போக்கரில் சீட்டு சேரும் வகைகளின் பெயரும் மதிப்பும் வருகிறது, அதனால் சூதாட்டம் கற்றுத் தருகிறதாம். காசு கொடுத்துப் பெட்டி திறந்து அதிர்ஷ்டம் பார்க்கும் கேம்கள் சிறுவர்களுக்கான முத்திரையோடு விற்கின்றன. இதில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே கருத்து. "பையனுக்குப் பெருக்கல் இதுல சொல்லித் தரலாம்னு இருந்தேன்" என்றாள்.

ஜனவரி 19

அனிமல் வெல். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இதைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கெடும். விளையாடப் போகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

பில்லி பாஸோ என்ற ஒரே ஆள் ஏழு வருஷம் உட்கார்ந்து செய்தது. எஞ்சினையும் அவரே எழுதினார். மே 9, 2024-ல் வந்தபோது அளவு 40 எம்பிக்கும் குறைவு. செல்பேசியில் எடுத்த பத்துப் படத்தின் எடை. உள்ளே நுழைந்தால் இருட்டு, தண்ணீர் சொட்டும் சத்தம், நீங்கள் ஒரு சின்ன உருண்டை. யாரும் எதுவும் பேச மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. கையில் வாள் கிடையாது, கிடைப்பதெல்லாம் விளையாட்டுச் சாமான்: குமிழி ஊதும் குச்சி, யோயோ, சுருள்கம்பி, பம்பரம், எறிகிற வட்டு. சேவ் செய்ய ஒரு பழைய தொலைபேசி. இருட்டில் எங்கோ அது நிற்பதைப் பார்த்தால் வரும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

வட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எறிந்தால் பறந்து போய் எட்டாத பட்டனைத் தட்டும், திரும்பி வரும். அதற்குத்தான் அது என்று பதினைந்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அகலமான பள்ளம். குமிழி ஊதி அதன் மேல் ஏறிப் பார்த்தேன், பாதியில் உடைந்தது. வேறு ஏதோ கருவி பிறகு கிடைக்கும் போல என்று விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றினேன். ஒருநாள் ராத்திரி, தூக்கக் கலக்கம், எறிவதற்கும் குதிப்பதற்கும் பட்டனைச் சேர்த்து அழுத்திவிட்டேன் போல. உருண்டை வட்டின் மேல் நின்றது. நின்றபடியே பறந்தது. சுவர் வரைக்கும்.

எழுந்து நின்றுவிட்டேன். புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பதினைந்து நாளும் அந்த வட்டு என் கையில்தான் இருந்தது, அந்தப் பள்ளத்தைத் தாண்டும் வழியும் என்னோடுதான் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பழைய அறை ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போனேன். "இங்கே அப்போது எட்டாத மேடை ஒன்று இருந்ததே." வரைபடம் முழுக்க நான் போட்டு வைத்த குறிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வரைபடத்தில் பென்சிலால் கிறுக்கலாம், முத்திரை குத்தலாம். நான் புரியாத இடத்துக்கெல்லாம் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த வட்டங்களை அழிப்பதே வாரக் கடைசியின் வேலையானது.

நான்கு சுடரையும் கொண்டுவந்து சேர்த்தால் முதல் முடிவு வரும். அது வந்துவிட்டது, நிபந்தனைக்காரர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெளித்தோல்தான். உள்ளே 64 முட்டைகள் ஒளிந்திருக்கின்றன, என்னிடம் 51. அதற்கும் அடியில் முயல்கள். அதில் ஒரு முயலை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது: அதன் படத்தை 50 துண்டாக வெட்டி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரே ஒரு துண்டுதான் காட்டுவார்கள். தனியாளாக எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காது. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் தங்கள் துண்டைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் படம் முழுதாகும். வெளிவந்த சில நாட்களிலேயே சேர்த்துவிட்டார்கள். என் துண்டு எனக்குக் கிடைத்தபோது அது என்னவென்றே எனக்குத் தெரியாது. ஏதோ பழுது என்று கடந்து போய்விட்டேன்.

இதைத்தான் கேட்க நினைத்தேன்: ஒரே ஆள் முடிக்கவே முடியாதபடி செய்த கேமில் "முடித்தேன்" என்ற சொல்லுக்கு இடம் எங்கே?

ஜனவரி 20

மேலே "ஊரெல்லாம் சுற்றினேன்" என்று எழுதிவிட்டேன். ஊர் இல்லை, கிணறு. ஆனால் அவ்வளவு நாள் அதற்குள் இருந்தால் ஊர் மாதிரிதான் ஆகிவிடுகிறது. எந்த மூலையில் பூனை வரும், எந்த மூலையில் நாய்ப் பேய் துரத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இன்னொரு திருத்தம். பலாட்ரோவை முதலில் வைத்ததற்குக் காரணம் மணிக்கணக்கு. 190 மணி நேரம் காட்டுகிறது. நேற்று உட்கார்ந்து யோசித்தேன், அந்த 190-ல் எத்தனை ஆட்டம் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது என்று. ஐந்து, ஆறு. அதிலும் மூன்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆடியது. அனிமல் வெல் முப்பது மணி நேரம்கூட இல்லை. அறை அறையாகச் சொல்வேன்.

பலாட்ரோ இரண்டு.

ஜனவரி 25

லாஸ்ட் க்ரௌனில் கொந்தளிக்கும் கடல் வந்துவிட்டது. காலம் உறைந்துபோன கடற்போர். கப்பல் ஒன்று பிளந்த நிலையில் அப்படியே நிற்கிறது, அலை மலை மாதிரி எழுந்து விழாமல் நிற்கிறது, பலகைத் துண்டுகள் காற்றில் தொங்குகின்றன. அதன் மேல் ஏறித் தாவிப் போகிறேன். பாரசீகக் குரலில் வைத்துக்கொண்டு ஆடுகிறேன், கீழே வரி ஓடுகிறது. அந்த மொழியில் அந்தப் பெயர்களைக் கேட்க வேறு மாதிரி இருக்கிறது. டிசம்பரில் விட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்தே இருக்காது.

இந்தக் கேமில் எனக்குப் பிடித்த இன்னொன்று: எட்டாத புதையலையோ பூட்டிய கதவையோ பார்த்தால், ஒரு பட்டனில் திரையைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஒட்டி வைக்கலாம். மூன்று மணி நேரம் கழித்து, "இது எதற்குக் குறி போட்டேன்" என்று முழிக்க வேண்டாம், படமே சொல்லிவிடும். இந்த மாதிரிக் கேம் செய்கிற எல்லோரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் இந்தக் குழுவைக் கலைத்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றுகிறது.

எர்ட்ட்ரீயையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். பேட்ச்சுக்குப் பிறகு வென்றது வெற்றியா என்று ஜனவரி 7-ல் புலம்பியிருந்தேன். அந்தக் கேம் என்றதும் எனக்கு முதலில் வருவது பாஸ் இல்லை. உள்ளே போன முதல் நிமிஷம், புகை மாதிரி பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் கல்லறைகள், தூரத்தில் துணி போர்த்தினாற்போல நிற்கும் மரம். அப்புறம் பாறைக்கு அடியில் இறங்கி இறங்கிப் போய்த் திடீரென்று நீலப் பூக்கள் விரிந்த கடற்கரை. அதையெல்லாம் எந்தப் பேட்ச்சும் தொடவில்லை. நான்கிலேயே இருக்கட்டும், ஆனால் அந்தக் குறை இப்போது இல்லை.

பிப்ரவரி 2

ஒன்றே ஒன்று கேட்டிருந்தீர்கள். அனிமல் வெல். முட்டை இப்போது 54. முடிக்கவில்லை.

ஆஸ்ட்ரோ பாட் மூன்றாவது. டிசம்பர் 12 கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியதற்கு நான் கை தட்டினேன், அதில் மாற்றமில்லை. இன்று காலை அக்கா மகன் வந்தான். புதுக் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். ஸ்கை கார்டன் போட்டான். ஒரு தடவை தண்ணீரில் குதித்தான், வெளியே வந்தான், விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினான். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

பொம்மை நின்றது.

"ஏன் மாமா இப்ப நடக்க மாட்டேங்குது?"

சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. அலமாரியில் போட்டு வைத்திருந்த பழைய கன்ட்ரோலரை எடுத்துச் சார்ஜில் மாட்டிக் கொடுத்தேன். மத்தியானம் வரைக்கும் பொம்மை விளிம்பிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது.